மூன்று சென்டிமீட்டர் பொய்

பல் டாக்டரின் வீட்டு வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் அவர் வாங்கிய பட்டங்கள் வரிசையாக இருந்தன. அடியில் சின்ன எழுத்தில் 'ஞாயிறு விடுமுறை'. மற்றொன்று அட்டையில் பேனாவால் அவசரமாகக் கிறுக்கியது. 'கருவி பழுது. திங்கள் முதல் பல் குடைவது, அடைப்பது இல்லை. மாத்திரை மட்டும்.'

"மாத்திரை மட்டும் கொடுக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் அந்தச் சாய்வு நாற்காலி? சாய்ஞ்சு படுத்துத்தான் முழுங்கணுமா?" என்றான் ஊசி.

டீச்சர் அழைப்பு மணியை அழுத்தினார். பதினோரு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். வீட்டுப்பாடம் செய்யாததற்குப் பிள்ளைகள் சொன்ன பொய்களைக் கேட்டுச் சலித்துப்போய், பெரியவர்கள் சொல்லும் பொய்களைக் கேட்கத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பெரியவர்களின் பொய்கள் இன்னும் மட்டம் என்பது அவருடைய நிரந்தர வருத்தம். ஊசி அவருடைய உதவியாளன். வயது நாற்பது. உடம்பும் ஊசி, நாக்கும் ஊசி.

இந்த வீட்டு அம்மாள், டாக்டரின் மனைவி, காலை ஏழு மணிக்கு டீச்சரைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஒரு வாரம் வேறொரு துறைமுகத்தில் பயிற்சியை முடித்துவிட்டு நேற்று மாலைதான் திரும்பியிருந்தார். இன்று மூன்று மணி வரை வேலை. இரண்டே நிமிடம் பேசினார். மீதியை வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார்.

கதவைத் திறந்தவர் டாக்டர். எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். பின்னால் நின்றவன் அவருடைய மைத்துனன், அந்த அம்மாளின் தம்பி. கழுத்தில் ஹெட்போன், கையில் போன், முகத்தில் உலகத்துக்கே வகுப்பெடுக்கும் களை.

"வாங்க மேடம். கேஸ் ஏற்கெனவே நான் முடிச்சுட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்" என்றான்.

"அப்போ எங்களுக்கு மாத்திரை மட்டும்தானா?" என்றான் ஊசி.

கம்ப்யூட்டர் அறைக்குப் போனார்கள். மேசையின் மேல் ஒரு கேபினெட் சிவப்பாக, நீலமாக, ஊதாவாக மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. சர்க்கஸ் கூடாரத்தை வாசலில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. மைத்துனன் கதையைச் சொன்னான். விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் அக்காவுக்குப் பைத்தியம். பழைய கம்ப்யூட்டர் திணறியது. புதிய பாகங்கள் போட முடிவானது. தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பெண் சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் மாட்டினாள், விளையாட்டுப் படங்களை வேகமாக ஓட்டும் புது கிராபிக்ஸ் கார்டு உட்பட. புதன்கிழமை ஃபேன் சத்தத்தைப் பார்க்க மறுபடியும் வந்தாள். அன்று புதுக் கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதை மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"நேத்தே கடைத்தெரு குரூப்ல போட்டுட்டேன். போட்டோவோட. 'இந்தத் திருடிகிட்ட ஜாக்கிரதை'ன்னு. நாலு பேர் ரிப்பேருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு வியாபாரிகள் சங்கம் கூடுது. கடையைக் காலி பண்ண வைக்கிறோம்."

சாதனைப் பட்டியல் வாசிப்பவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"பாகங்களைத் தேர்ந்தெடுத்தது யாரு?" என்றார் டீச்சர்.

"நான்தான். அக்கா ஒரு லிஸ்ட் எழுதியிருந்தாங்க. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? நான் திருத்தினேன்."

"எதையெல்லாம்?"

"சின்னக் கார்டா எழுதியிருந்தாங்க. பார்க்கிறவன் சிரிப்பான். இருக்கிறதிலேயே பெரிசா வாங்கினேன். அப்புறம் பவர் சப்ளைன்னு ஒண்ணு எழுதியிருந்தாங்க. மூலைக்குள்ள கிடக்கிற டப்பா, அதை யார் பார்க்கப் போறா? அதை அடிச்சிட்டு இந்த லைட் வாங்கினேன். ஒரு கோடிக்கு மேல கலர் வரும்."

"அதுல அடக்கமான கலர் ஒண்ணுகூட இல்லையா சார்?" என்றான் ஊசி.

"புதுக் கார்டு போட்டப்புறம் மெஷின் எப்படி ஓடுச்சு?" டீச்சரின் குரல் மாறவில்லை.

"பறந்துச்சு. சனிக்கிழமை சாயந்திரத்திலிருந்து புதன் காலை வரைக்கும் நானே ஆடினேன். மாமாவும் பார்த்தார். இல்ல மாமா?"

"ஆமா, ஆமா" என்றார் டாக்டர், தரையிடம்.

கேபினெட்டைத் திறக்கச் சொன்னார் டீச்சர். மைத்துனன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முழு மூச்சோடு திருகினான். திருகாணி இன்னும் இறுகியது. ஊசி அவன் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி, எதிர்ப்பக்கம் திருகி, அரை நிமிடத்தில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கீழே வைத்தான்.

உள்ளே பழைய கார்டு தூசியோடு உட்கார்ந்திருந்தது. டீச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டின் ஓரத்தை விரலால் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பிறகு புதுக் கார்டு வந்த காலிப் பெட்டியை வாங்கி, பின்பக்கத்துச் சின்ன எழுத்துக்களைப் படித்தார். கைப்பையிலிருந்து ஒரு மர ஸ்கேலை எடுத்தார். பள்ளிக்கூடத்தை விட்டாலும் ஸ்கேலை விடாதவர். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். கேபினெட்டின் பின்சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் அதை வைத்தார். இம்மி இடமில்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது.

ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்ன மேடம், அளந்துட்டீங்களா? கைரேகை எல்லாம் எடுக்கலையா?" என்று இளித்தான் மைத்துனன்.

"தேவைப்படாது" என்றார் டீச்சர்.

தெருவில் இறங்கியதும் ஊசி கேட்டான். "பெட்டியில என்ன போட்டிருக்கு?"

"நீளம் முப்பத்துமூணு சென்டிமீட்டர்."

ஊசி நடப்பதை நிறுத்தினான். "முப்பது சென்டிமீட்டர் இடத்துல முப்பத்துமூணு சென்டிமீட்டர் கார்டை வெச்சு நாலு நாள் ஆடியிருக்கானா?"

"மூணாங்கிளாஸ் பையன்கூட இதைவிட நல்லா பொய் சொல்வான் ஊசி. அதுதான் எனக்கு எரிச்சல்."

மெக்கானிக்கின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பழைய பிரிண்டரைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். யாரும் கேட்ட வேலை அல்ல. கை சும்மா இருக்க முடியாமல் செய்கிற வேலை. பின்சுவர் அலமாரியில் நான்கு இடங்கள் காலியாக இருந்தன. வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"சோதனை போடணுமா? போடுங்க. டிராயர் கீழ இருக்கு."

"அந்தக் கார்டை நீங்க மாட்டினீங்களா?" என்றார் டீச்சர்.

"எங்க மாட்டுறது? கிரேன் அக்காவும் நானும் இதே பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட லிஸ்ட் அது. மதர்போர்டு நல்லாருக்கு, தொட வேணாம். ராம் மெமரி ஒரே ஜோடியா வாங்கணும். பழைய டிஸ்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. கார்டு இருபத்தெட்டு சென்டிமீட்டர். எல்லாத்துக்கும் முதல்ல பெரிய பவர் சப்ளை. அளந்து, கூட்டி, கழிச்சு எழுதினோம். அந்த மகான் கடைக்குப் போய் யானையை வாங்கிட்டு வந்து ஆட்டுக்கொட்டில்ல கட்டச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாட்டினேன். கார்டு உள்ள போகாது, போனாலும் இந்த பவர் சப்ளை தாங்காது, போய் மாத்திட்டு வாங்கன்னேன். 'போக வைக்கிற விதமா வெச்சா போகும், நீ கிளம்பு'ன்னார்."

"இதைக் குரூப்ல சொல்லலையா?" என்றான் ஊசி.

"சொன்னேன். திருடி சொல்ற அளவை யாருங்க நம்புவாங்க?"

ஊசி அலமாரியின் காலி இடங்களை எண்ணினான்.

"புதன்கிழமை?" என்றார் டீச்சர்.

"அவரேதான் கூப்பிட்டார், ஃபேன்ல சத்தம்னு. போனா சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. 'இரு, வரேன்'னு என்னைத் தனியா விட்டுட்டுப் போனவர் பத்து நிமிஷம் ஆளே வரல. அப்போ தெரியல, எதுக்கு விட்டுட்டுப் போனார்னு."

"கூண்டு ஓரத்தைப் பார்த்தீங்களா?"

அவள் முதன்முறையாக டீச்சரை நேராகப் பார்த்தாள். "நீங்களும் பார்த்தீங்களா? யாரோ தேய்ச்சிருக்காங்க. நான் தேய்க்கல. என்கிட்ட இருக்கிறது அரம். அரம் கோடு போடும். அங்க சின்னச் சின்னக் குழியா இருந்துச்சு, சொத்தைப் பல் மாதிரி."

டீச்சர் உதவியாளனின் பக்கம் திரும்பினார்.

"ஊசி, உனக்குப் பல் வலிக்குது."

"எனக்கா? இல்லையே டீச்சர்."

"மூணரை மணிக்கு வலிக்கும்."

மூன்றரை மணிக்கு ஊசி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தான். டாக்டர் குனிந்து விளக்கைத் திருப்பினார்.

"குடைஞ்சு அடைச்சிடுங்க டாக்டர். உயிர் போகுது."

"டிரில் பழுதுங்க. போர்டு பார்க்கலையா?"

"எப்போ கெட்டுச்சு?"

"ஞாயித்துக்கிழமை."

ஊசி கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவுன்னு அந்தப் பட்டப் பலகையிலேயே போட்டிருக்கே டாக்டர். லீவு நாள்ல யார் பல்லைக் குடைஞ்சீங்க?"

டாக்டரின் கையிலிருந்த சிறு கண்ணாடி தட்டில் விழுந்து கிணீரென்றது. அதே நேரம் டீச்சர் மைத்துனனையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"பல்லுன்னா மூணு நிமிஷத்துல குடைஞ்சிருப்பீங்க" என்றார் டீச்சர். "தகரம், அதான் கருவி செத்துப்போச்சு. மூணு சென்டிமீட்டர் தேவை. அரை சென்டிமீட்டர்கூட முடியல."

"என்ன மேடம் உளறீங்க? நான்தான் நாலு நாள் ஆடினேனே!" மைத்துனன் குரலை உயர்த்தினான்.

"முப்பது சென்டிமீட்டர்ல முப்பத்துமூணை வெச்சா?"

"அது... கொஞ்சம் சாய்ச்சு வெச்சா போகும்."

"அந்தக் கார்டுக்கு மூணு பவர் வயர் வேணும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு. நீங்க மாத்த வேண்டாம்னு அடிச்ச டப்பாவுல இருக்கிறது ஒண்ணு. மீதி ரெண்டுக்கு என்ன கொடுத்தீங்க?"

"பற்பொடி கொடுத்திருப்பார் டீச்சர். வீட்டுல நிறைய இருக்கு" என்றான் ஊசி நாற்காலியிலிருந்தே.

உலகத்துக்கு வகுப்பெடுத்த மைத்துனனின் முகம் இப்போது பெஞ்சு மேல் ஏற்றப்பட்ட முகமாகிவிட்டது. "மாமாதான் 'தட்டிப் பார்ப்போம், போயிரும்'னார்" என்றான். இரண்டாவது கேள்விக்கே கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கும் ரகம். அந்த ரகத்தின் மேல் டீச்சருக்கு இருந்த மரியாதை, கரப்பான்பூச்சிக்கு அவர் கொடுக்கும் மரியாதையைவிடக் கொஞ்சம் குறைவு.

டாக்டர் பல்செட் அச்சுகள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டிலிருந்து பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூன்று விசிறிகள் கொண்ட அழகான கார்டு. அதன் அடிவிளிம்பில், மதர்போர்டில் பதியும் பொன்னிறப் பற்களின் வரிசை பாதியில் முறிந்து தொங்கியது. ஊரார் பல்லையெல்லாம் காப்பாற்றுகிறவர் உடைத்த தங்கப் பற்கள்.

"அழுத்தினோம். டக்னு ஒரு சத்தம்" என்றார் டாக்டர். "ஆசை ஆசையா ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கச் சொன்னா. அவ வந்து கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல."

"அதனால?"

"திருட்டு போச்சுன்னு சொல்லலாம்னு மாப்ளதான் சொன்னான். மேடம், பாருங்க, இங்க திருட்டே நடக்கலையே. கை தவறின விஷயம். இதை வீட்டோட முடிச்சிடுவோம். என் மனைவிகிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன்."

"அந்தப் பொண்ணு?"

"அவ சின்னக் கடைதானே" என்று நுழைந்தான் மைத்துனன். "வேற தெருவுல போட்டுக்கட்டும். நானே இடம் பார்த்துத் தரேன்."

ஊசி எழுந்து உட்கார்ந்தான். பத்து வருடத்தில் அவன் பல திருடர்களைப் பார்த்திருக்கிறான். திருடியவர்கள் பசிக்குத் திருடினார்கள், பேராசைக்குத் திருடினார்கள். அளக்கத் தெரியாததை மறைக்க ஒருத்தியின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறான்.

"டாக்டர், ஒரு விஷயம் நீங்க தப்பா புரிஞ்சிட்டிருக்கீங்க" என்றார் டீச்சர். "கார்டை எடுத்தது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி உங்க மனைவி என்னைக் கூப்பிடல."

டாக்டர் நிமிர்ந்தார்.

"காலையில போன்ல அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். 'தினமும் கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலுக்குள்ள இறக்குறவ நான். பெட்டியைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, இது அதுக்குள்ள போகாதுன்னு. என் தம்பி பொய் சொல்றான். அது பழக்கம்தான். அந்தப் பொய்யில என் வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க டீச்சர். அவரைக் கேட்க எனக்குப் பயமா இருக்கு.' இவ்வளவுதான் கேஸ்."

வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போட்ட ஆரஞ்சுச் சட்டையைக்கூட மாற்றவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பியை அவர் பார்க்கவே இல்லை. பச்சைத் துணியில் கிடந்த கார்டையும் ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை.

"பயந்தீங்களா?" என்று கணவரைக் கேட்டார்.

"ஆமா."

"என்கிட்ட?"

"நீ வருத்தப்படுவேன்னு..."

"ஒரு பொம்பளையைத் தெருவே திருடின்னு சொல்லிச்சே, வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. அதுக்குப் பயம் வரலையா?"



ஐந்து மணிக்குச் சங்கத்து அறையில் பதினைந்து வியாபாரிகள் கூடியிருந்தார்கள். மெக்கானிக் கடைசி நாற்காலியில், கடைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுந்து நடந்ததைச் சொன்னார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசும் நோயாளியைப்போல விட்டு விட்டுப் பேசினார். ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை. டிரில்லைக்கூடச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, தெரியாம நடந்துபோச்சு. எல்லாரும் மறந்திடுவோம்."

"யார் மறக்கணும் தலைவரே?" என்றாள் மெக்கானிக்.

சிரிப்பு நின்றது.

"திருடின்னு போட்டது குரூப்ல. என் போட்டோவோட. அதே குரூப்ல, அவர் போட்டோவோட, அவர் கையாலேயே போடட்டும். இப்பவே. அப்புறம் சாவியை எடுத்துக்கிட்டுப் போறேன்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் போனை எடுத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். டீச்சர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"மூணு சுழி போட்டிருக்கீங்க. மண்ணுக்குத்தான் மூணு சுழி. மன்னிப்புக்கு ரெண்டு சுழி. அழிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினான். பதினைந்து போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. மெக்கானிக் தன் போனில் அதை இரண்டு முறை படித்தாள். சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள்.

கிரேன் அம்மாள் கடை வாசலில் அவளை எட்டிப் பிடித்தார். "என் மேலயும் கோபம் இருக்கும். நேத்து ராத்திரியே வந்து உன்னைப் பார்த்திருக்கணும். என் வீட்டை நினைச்சுக் கூசிப்போய் வரல."

"இருக்குக்கா. கோபம் இருக்கு" என்றாள் அவள். "நாலு பேர் மெஷினைத் தூக்கிட்டுப் போனாங்க. அதுல ரெண்டு பேருக்கு நான் எட்டு வருஷமா வேலை பார்க்கிறேன். உங்க வீட்டுக்குள்ள நான் இனிமே வர மாட்டேன்."

"வர வேணாம். மெஷின் இங்க வரும்."

மெக்கானிக் ஷட்டரை முழுவதும் மேலே தள்ளி, விளக்கைப் போட்டு, பெஞ்சின் மேலிருந்த பிரிண்டரை ஓரமாக நகர்த்தினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"பவர் சப்ளையிலிருந்து ஆரம்பிப்போம்" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் கடைத்தெரு முழுக்க நடந்து வந்து சேர்ந்தார். கையில் அந்தக் கேபினெட். பன்னிரண்டு கிலோ. துணிக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைக்குள் இரண்டு பெண்களும் தாளின் மேல் குனிந்து, மில்லிமீட்டர் கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் ஊசியும் எதிர்ப்பக்க நடைபாதையில் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்.

"டீச்சர், அவர் இன்னும் தூக்கிட்டே நிக்கிறார் பாருங்க. கீழ வைக்கலாம்ல?"

"வைக்கலாம்" என்றார் டீச்சர்.

ஆனால் வைக்கச் சொல்லி உள்ளேயிருந்து யாரும் சொல்லவில்லை. டாக்டர் கடை வாசலில் கேபினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார்.